பெனடிக்ற் பூட்டிய காபரேற்றர்

லண்டனில், நோர்பரியில் கோழிக்கடைக்கு மேலிருந்த ஒற்றை அறையில் பெனடிக்ற் மூன்று வருடமாகக் குடியிருந்தார் என்பதைவிடக் கிடந்தார் என்பதுதான் சரி. விடியக்காலை எழும்பி ஒரு அலுவலகக் கட்டடத்தில் தரை துடைப்பார். வந்து சுவரைப் பார்த்தபடி படுப்பார். பின்னேரம் இன்னொரு கட்டடம், இன்னொரு தரை. மனைவி பியற்றிஸ் ஏதும் கேட்டால் ஓம், இல்லை, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் வாய் ஓயாத மனுசன் இவர். ஒரு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டி முடிப்பதற்குள் ஊர்ப் புதினம் முழுவதையும் சொல்லிவிடுவார் என்று சனம் சிரிக்கும். அந்த வாயை இங்கே யார் தைத்துவிட்டார்களோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

டொக்டர் குளிசை கொடுத்தார். பெனடிக்ற் அதைத் தொடவில்லை.

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பியற்றிஸ். எனக்குத் தெரிஞ்சது ஒரு வேலைதான். அதை இஞ்சை ஒருத்தனும் தாறான் இல்லை. குளிசை போட்டா வேலை வருமோ?”

லண்டனில் அவர் ஏறி இறங்காத வேர்க்‌ஷொப் இல்லை. சேர்டிபிக்கற் கேட்டார்கள், ஆங்கிலம் கேட்டார்கள், கடைசியில் ‘பிறகு சொல்கிறோம்’ என்றார்கள். அந்தப் பிறகு ஒரு நாளும் வரவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம் அவரோடு தரை துடைக்கும் ஆனந்தராஜாதான் கென் என்ற வெள்ளைக்காரரிடம் கூட்டிக்கொண்டு போனான். தோர்ன்ரன் ஹீத்தில் ஒரு பின்சந்தில் கென்னின் மோட்டார் சைக்கிள் வேர்க்‌ஷொப் இருந்தது. கென்னுக்கு அறுபது வயது. மூட்டு வாதத்தில் விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி முறுகிப் போயிருந்தன. ஆனாலும் மனுசன் ஞாயிற்றுக்கிழமைகளில் ‘ட்ரையல்ஸ்’ ஓடுவதை விடவில்லை. அது வேகப் போட்டியல்ல. பாறையிலும் மரவேரிலும் சேற்று மேட்டிலும் நடைவேகத்தில் மோட்டார் சைக்கிளை ஏற்றி இறக்க வேண்டும், கால் நிலத்தில் படக்கூடாது. பட்டால் புள்ளி போய்விடும். ஆமை வேகத்தில் முனகிக்கொண்டு நிற்கவேண்டிய எஞ்சின், முறுக்கிய கணமே பாய்ந்தும் ஆகவேண்டும். அந்த இரண்டும், எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற காபரேற்றரின் கையில்தான் இருக்கிறது.

கென்னின் காபரேற்றர் தேய்ந்து போயிருந்தது. புதியது வாங்கி வைத்திருந்தார், ஆனால் சின்ன ஆணிகளைப் பிடிக்க விரல் வளையவில்லை.

“இதைப் பூட்டித் தா. ஞாயிற்றுக்கிழமை ஓடிப் பார்க்கிறேன். நன்றாக ஓடினால் திங்கட்கிழமையே வேலைக்கு வந்துவிடு,” என்றார்.

பெனடிக்றுக்கு அந்த ஆங்கிலம் ஒரு சொல் விடாமல் விளங்கியது.

அடடா, அன்று அந்த மனுசனைப் பார்த்திருக்க வேண்டும்! கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்தார். பழையதைக் கழற்றி, புதியதைப் பிரித்துத் துடைத்து, ஊதி, பூட்டினார். கிக்கரை ஒருதரம் உதைக்க எஞ்சின் பற்றிக்கொண்டது. காற்றைக் கூட்டிக் குறைக்கிற ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, காதைச் சரித்துக் கேட்டு, அது பூனை மாதிரி உறுமும்வரை விடவில்லை. கென் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி பெனடிக்ற் கதைத்தார், கதைத்தார், கதைத்துக்கொண்டே இருந்தார். கென்னின் விரல், ஸ்பானர்கள், கூரை ஒழுக்கு, ஒன்றையும் விடவில்லை. பியற்றிஸ் கறி எடுக்கிற சாட்டில் அடுப்படிப் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அவளுடைய புருசன் வீட்டுக்கு வந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கென்னின் வான் வண்டியில் புருசனும் மனைவியும் கூடவே போனார்கள். லண்டனுக்கு வெளியே ஒரு காட்டுச் சரிவு. பியற்றிஸ் பாண் துண்டுகளுக்கு நடுவில் சீனிச்சம்பல் வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். முதல் இரண்டு தடங்களையும் கென் கால் ஊன்றாமல் முடித்தார். “பாத்தீரோ? பாத்தீரோ?” என்று பெனடிக்ற் மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

மூன்றாவது தடம் ஒரு செங்குத்தான சேற்று மேடு. கென் அடியில் நின்று மூச்சை இழுத்து, ஒரேயடியாக முறுக்கினார். எஞ்சின் பாதி மேட்டில் ஒருதரம் விக்கியது. பிறகு நின்றுவிட்டது. சைக்கிள் பின்பக்கமாகப் புரண்டு கென்னுக்கு மேல் விழுந்தது. இடுப்பு எலும்பு முறிந்த சத்தம் தனக்குக் கேட்டது என்று பியற்றிஸ் பிற்பாடு சொல்வாள்.

அம்புலன்ஸ் போனபிறகு பெனடிக்ற் சேற்றில் இருந்தபடியே காபரேற்றரின் மூடியைத் திறந்தார். பெற்றோல் போகும் வழியில் ஏறி இறங்குகிற ஊசியை இழுத்துப் பார்த்தார். அதில் ஐந்து வெட்டுகள் உண்டு, ஒன்றில் ஒரு கிளிப் மாட்டியிருக்கும். மேல் வெட்டில் மாட்டினால் ஊசி கீழே இறங்கிப் பெற்றோலைக் குறைக்கும். பெட்டியிலிருந்து வரும்போது அது நடு வெட்டில்தான் இருந்தது. இப்போது மேல் வெட்டில் இருந்தது. எஞ்சின் பாயக் கேட்ட கணத்தில் அதற்குக் குடிக்கப் போதவில்லை.

அவர்தான் மாற்றியிருந்தார். மாற்றியது அவருக்கே நினைவில்லை. யாழ்ப்பாணத்தில் யுத்தத்தால் பெற்றோலுக்குத் தடை வந்த காலத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும், கண்ணுக்கு மருந்து விடுகிற குப்பியால் நாலு சொட்டுப் பெற்றோல் விடுவார்கள். ஒரு சொட்டு நிலத்தில் சிந்தினால் சண்டை வரும். எந்தச் சைக்கிள் வந்தாலும், எண்ணெய் மிச்சம் பிடிக்க, பெனடிக்ற் முதலில் அந்தக் கிளிப்பைத்தான் மேலே ஏற்றுவார். அதற்காகவே சனம் அவரைத் தேடி வந்தது. எத்தனை நூறு காபரேற்றர்! கை பழகிவிட்டது. தோர்ன்ரன் ஹீத்திலும் அது யாரையும் கேட்காமல் தன் வேலையைப் பார்த்துவிட்டது.

“ஐயோ மாதாவே,” என்றார் பெனடிக்ற். சேற்றுக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கென் சீலிங்கைப் பார்த்தபடி கிடந்தார். இவர்களைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தார்.

“நீ பூட்டியது சரியாகத்தான் இருந்தது. என் கைதான் பிந்திவிட்டது. நான் கிழவனாகிவிட்டேன். இனி இந்த விளையாட்டு வேண்டாம்.”

“சொல்லாதேங்கோ,” என்று பியற்றிஸ் புருசனின் காதில் தமிழில் முணுமுணுத்தாள். “கும்பிட்டுக் கேக்கிறன் அப்பா, ஒண்டும் சொல்லாதேங்கோ.”

பெனடிக்ற் சொன்னார். தன்னிடமிருந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டி, விரலால் ஊசியையும் வெட்டையும் காட்டிச் சொன்னார். கென் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

“ஏன் அப்படிச் செய்தாய்?”

ஏன்! அதைச் சொல்ல எத்தனை சொல் வேண்டும்? தடை, மண்ணெண்ணெய், குப்பி, சண்டை. இவ்வளவுக்கும் அவரிடம் ஆங்கிலம் இல்லை.

“என் ஊரில் பெற்றோல் இல்லை,” என்றார்.

“இங்கே சந்திக்குச் சந்தி பெற்றோல் ஷெட் இருக்கிறதே, தம்பி,” என்றார் கென். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பெனடிக்றைக் கொன்றது.

சித்திரை பிறந்து சில நாட்களில் ஆனந்தராஜா மூச்சிரைக்கப் படியேறி வந்தான்.

“அண்ணை, கென் வீட்டை வந்திட்டார். உங்களை வேலைக்கு வரச் சொன்னவர். பிழை எல்லாரும் விடுறதுதானாம். நேரை வந்து சொன்ன ஆளை விடமாட்டாராம். வெளிக்கிடுங்கோ!”

பியற்றிஸ் கோட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். பெனடிக்ற் கட்டிலை விட்டு அசையவில்லை.

“நான் வரேல்லை எண்டு சொல்லு.”

“உங்களுக்கென்ன விசரே, அண்ணை? இதுக்குத்தானே மூண்டு வருசம் செத்துக்கொண்டு கிடந்தனீங்கள்!”

“ஓம். இதுக்குத்தான்.”

“பிறகென்ன? இனி மேல் வெட்டிலை போடாமல் விட்டாச் சரிதானே?”

“போட்டது எனக்குத் தெரிஞ்சால்தானே விடலாம்.” பெனடிக்ற் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். “நான் யோசிச்சுச் செய்யேல்லை ஆனந்தராஜா. கண் திறந்திருக்குது, கை தன்ரை பாட்டிலை செய்யுது. கென்னின்ரை கடைக்குப் பெடியள் எல்லே சைக்கிள் கொண்டு வருவாங்கள். அதிலை வேறை என்னத்தைச் செய்து வைப்பனோ? நாளைக்கு ஆரின்ரை பிள்ளை விழும்?”

ஆனந்தராஜா படியிறங்கிப் போனான். பியற்றிஸ் கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டு அதற்குப் பக்கத்திலேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். கென் ஒரு மாதம் பார்த்தார். பிறகு வேறொருவனை வேலைக்கு எடுத்தார்.