சட்டைக்குள் இருந்த காது

மலைக்கோட்டைக்குக் கீழே, தெப்பக்குளத்தை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது சிக்கந்தர் ராவுத்தரின் ஜவுளிக்கடை. அங்கே பட்டுப்புடவை வியாபாரம் சவரிநாதனின் வாயை நம்பித்தான் நடந்தது. ரவிக்கைத் துணி எடுக்க வந்தவரைக்கூட உட்கார வைத்து, ஊரைக் கேட்டு, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டு, பேச்சோடு பேச்சாக நான்கு புடவைகளைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார். "தூக்கத்துலகூட பட்டு விக்கிறாரு" என்று அவர் மனைவி ரோசரி, அவர்கள் குடியிருந்த பாலக்கரை முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் அவருக்குக் காசநோய் கண்டது. மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். நோய் போய்விட்டது. ஆனால் அந்த ஊசி காதையும் பாதி எடுத்துக்கொண்டது. ஆட்கள் பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. அமைதியான அறையில் ஒருவர் மட்டும் எதிரே உட்கார்ந்து பேசினால் ஓரளவு பிடித்துக்கொள்வார். கடையில் அமைதிக்கு எங்கே போவது? தலைக்கு மேல் ஃபேன், வாசலில் ரிக்‌ஷா மணி, எதிரே டீக்கடை ரேடியோ, போதாததற்குப் பேரம் பேசும் கூட்டம்.

இந்த இடத்தில்தான் மனிதர் ஒரு தப்பு செய்தார். செவிடு என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, யார் என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டத் தொடங்கினார். கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு அதுவே சரியான பதிலாகவும் இருந்துவிட்டது. தஞ்சாவூர் பொம்மையாகவே மூன்று வருஷம் ஓட்டிவிட்டார்.

ஸ்ரீரங்கத்து ரெங்கம்மாள் டீச்சரிடம் அது பலிக்கவில்லை. ஒருமுறை துவைத்ததில் நிறமெல்லாம் ஓடிப்போன புடவையைக் கொண்டுவந்து சவரிநாதன் முன்னால் போட்டார் டீச்சர். "சாயம் நிக்குமான்னு ரெண்டு தரம் கேட்டேனே. தலையைத் தலையை ஆட்டினேளே" என்றார். அதற்கும் சவரிநாதன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். பார்த்துக்கொண்டிருந்த முதலாளிக்கு விஷயம் விளங்கிவிட்டது.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் முதலாளி அவரைக் கூப்பிட்டு, மூன்று தரம் கத்திப் புரிய வைத்தார். "உன்னைய வெளிய அனுப்ப மாட்டேன், சவரி. ஆனா இந்த ஆவணி முகூர்த்தத்துல இன்னொரு புகார் வந்துச்சுன்னா குடோனுக்குப் போயிரு. அங்க மூட்டை கட்டுற வேலைதான். யாருகிட்டயும் பேச வேண்டியதில்ல."

முதலாளி ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதைச் சவரிநாதனால் தாங்க முடியவில்லை. பேச ஆளில்லாமல் இருட்டில் உட்கார்ந்து மூட்டை கட்டத்தானா பிழைத்து எழுந்தோம் என்று அன்று அழுதார்.

அந்த வாரமே காது மிஷின் வாங்கினார்கள். சத்தத்தைப் பிடிக்க சிகரெட் பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் காதில் செருகிக்கொள்ள ஒரு குமிழ். சவரிநாதன் பெட்டியைச் சட்டைக்குள் பனியனில் செருகி, வயரைக் காலருக்குள் மறைத்து, காதின் மேல் முடியை இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

"வெளிய மாட்டிக்கணும்னுதானே டாக்டர் சொன்னாரு?" என்று கேட்டாள் ரோசரி.

"மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி தொங்கவிட்டுக்கிட்டா, வர்றவங்க புடவையப் பாப்பாங்களா, மணியப் பாப்பாங்களா?"

பெட்டி சும்மா இருக்கவில்லை. ஃபேன், ரேடியோ, புடவை விரிக்கும் சத்தம் என்று எல்லாவற்றையும் ஒரே அளவில் அள்ளிக் காதுக்குள் கொட்டியது. மனிதக் குரல் அந்தக் குவியலுக்குள் எங்கோ கிடந்தது. எல்லாவற்றையும்விட, அவர் கையை நீட்டி மடக்கும்போதெல்லாம் சட்டை உரசும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. அத்தனை பாடுபட்டு வாங்கிய மிஷின் அவருடைய சட்டையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆவணி இரண்டாம் வாரம் முசிறியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வாழைத் தோட்டக்காரர் வீரமலை, அவர் மனைவி வள்ளிக்கண்ணு, அக்கா இருசம்மாள், கல்யாணப் பெண் மயிலம்மாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதிலிருந்து நான்கு கடை ஏறி இறங்கிக் களைத்திருந்தார்கள். பெரியவர்கள் மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சவரிநாதன் தலையை ஆட்டிவிட்டுக் கைக்கு வந்ததை எல்லாம் எடுத்துப் போட்டார்.

"நாம என்ன கேக்குறோம், இந்தாளு என்னத்த எடுத்துப் போடுறாரு?" என்று இருசம்மாள் எழுந்துவிட்டாள்.

அது சவரிநாதனுக்குக் கேட்கவில்லை. ஆனால் கல்லாவில் முதலாளியும் எழுந்து நிற்பது தெரிந்தது. குடோன்தான், முடிந்தது கதை என்று நினைத்தார். இனி யாருக்காக மறைப்பது என்று ஒரு வீம்பும் வந்தது. சட்டைப் பட்டனைக் கழற்றி, குமிழ் காதிலேயே இருக்க, பெட்டியை மட்டும் உருவிப் புடவைக் குவியலின் மேல் வைத்தார்.

"எனக்குக் காது கேக்காதுங்க. மூணு வருஷமா கேக்குற மாதிரி நடிச்சுக்கிட்டிருக்கேன். இந்தப் பெட்டிதான் என் காது. பேசுறவங்க இதை வாய்கிட்ட பிடிச்சுக்கிட்டு, ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க."

இருசம்மாள் திரும்ப உட்கார்ந்து பெட்டியை எடுத்தாள். "ரேடியோவுல பேசுற மாதிரியில்ல இருக்கு" என்றாள்.

ஒவ்வொரு சொல்லும் சவரிநாதனுக்குத் தெளிவாகக் கேட்டது. ஃபேனும் ரேடியோவும் எட்டிப் போய் நின்றன. இருசம்மாளின் குரல் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கல்யாணப் பெண்ணுக்கு அரக்கு நிறத்தில், அகலக் கரை வைத்த புடவை வேண்டுமாம். நடுவில் வீரமலை ஏதோ சொல்ல வந்தார். "பெட்டி அவங்க கையில இருக்குங்க" என்று சவரிநாதன் கையைக் காட்டினார். தோட்டத்தில் ஆட்களை அதட்டியே பழகிய மனிதர், தன் முறைக்காகக் காத்திருந்தார். அவர் கேட்டதும் அரக்குதான், சரிகை மட்டும் கூட. வள்ளிக்கண்ணு பெட்டியை வாங்கி, "அவங்க சொல்றதுதான்" என்று முடித்துக்கொண்டாள்.

கட்டிக்கொள்ளப் போகிறவள் மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. சவரிநாதன் முன்னால் குனிந்து, பெட்டியை மயிலம்மாள் கையில் கொடுத்தார்.

அவள் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அரக்கு வேணாங்க. மாம்பழ மஞ்சள்ல, கனமில்லாம இருந்தாக் காட்டுங்க."

மூன்று பெரியவர்களும் அவளைப் பார்த்தார்கள். "ஏம் மயிலு, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றார் வீரமலை.

மயிலம்மாள் பெட்டியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள். "சொன்னேன்பா. மொதக் கடையிலயே ரெண்டு தரம் சொன்னேன். யாருக்கும் கேக்கல."

சவரிநாதன் குமிழைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய், மேல் தட்டிலிருந்து மாம்பழ மஞ்சளில் ஆறு புடவைகளை இறக்கி வந்து, அதை மறுபடி செருகிக்கொண்டார். அன்றுதான் மூன்று வருஷத்துக்கு அப்புறம் அவர் ஊரைக் கேட்டார், தோட்டத்தைக் கேட்டார், மாப்பிள்ளையைப் பற்றியும் கேட்டார். பதில் எல்லாம் கேட்டது.

அவர்கள் போன பிறகு முதலாளி வந்து எதிரே உட்கார்ந்தார். கத்தவில்லை. பெட்டியை எடுத்து வாயருகில் வைத்துக்கொண்டார்.

"குடோனுக்கு நம்ம கடைப் பையன் மூக்கனை அனுப்புறேன். நீ சாப்பிட்டுட்டு வா, சவரி. அந்தப் பட்டனை மொதல்ல போடு."

அன்று வீட்டில் ரோசரி பெட்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினாள். இத்தனை நாள் கத்திக் கத்தி, சோறு போடட்டுமா என்பதுகூடச் சண்டை மாதிரியே இருந்தது என்றாள். மெதுவாகப் பேச எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா என்று சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பெட்டி எல்லார் கைக்கும் எட்டும்படி, ரேடியோ ரிப்பேர் செய்யும் தைரியராஜிடம் சொல்லிப் பிறகு மூன்று முழ வயர் போட்டுக்கொண்டார் சவரிநாதன். எண்பத்தொன்பதில் ஓய்வு பெறும்வரை அந்தப் பெட்டி, கடையில் புடவை விரிக்கும் மெத்தையின் நடுவில், எல்லோரும் பார்க்கத்தான் இருந்தது. கல்யாணப் புடவைக்கு எத்தனை பேர் கூட்டமாக வந்து உட்கார்ந்தாலும், சவரிநாதன் அதை முதலில் பெண்ணின் கையில்தான் கொடுத்தார்.