ஜனகராஜ் தேர்ந்தெடுத்த குக்கர்

ஜனகராஜைப் போலப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. சமயநல்லூர்ப் பக்கம் இருந்த எங்கள் நூற்பாலையில் அவர் ஸ்டோர் கிளார்க், நான் டைம் ஆபீஸ். தோளில் பல்லி விழுந்தால் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பஸ் கொஞ்சம் வேகமாகப் போனால் டிரைவரிடம் கெஞ்ச ஆரம்பித்துவிடுவார். அப்படிப்பட்டவர் தலையில்தான் எண்பத்தொன்றாம் வருடம் தீபாவளிப் பரிசு வாங்கும் வேலையைக் கட்டினார்கள்.

வருடம் முழுக்க லீவு போடாமல் வந்த பெண்களுக்கு வீட்டுச் சாமான் ஏதாவது கொடுப்பது மில் வழக்கம். "பேர் போன கம்பெனிச் சரக்கா இருக்கணும். அதுல நம்ம மில் பேரு பளிச்சுனு தெரியணும்" என்றார் மானேஜர். அவருக்கு மில் பேர் தெரிந்தால் போதும், உள்ளே என்ன இருந்தாலும் கவலை இல்லை. ஜனகராஜ் கடை கடையாக ஏறி இறங்கினார். பிளாஸ்க் உடைந்துபோகும், கடிகாரம் நின்றுபோகும், எவர்சில்வர் குடம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் பிரஷர் குக்கரில் வந்து நின்றார்.

"ஏண்ணே, பல்லிக்கே பயப்படுற ஆளு, வெடிக்கிற சாமானாப் பாத்து எடுத்திருக்கீக?" என்று கேலி செய்தேன்.

"ஷிப்டு முடிஞ்சு போயி அடுப்பு முன்னாடி உக்காந்து ஊதுதுகய்யா. சட்டுனு வெந்துச்சுன்னா செத்த நேரம் காலை நீட்டிப் படுக்கும்ல" என்றார்.

மில் பேர் வெட்டிக் குக்கர்கள் வந்து இறங்கியதும் அவருக்குப் புதுப் பயம் பிடித்தது. நாளும் கிழமையுமாகப் புதுப் பாத்திரத்தை வெறுமையாகக் கொடுக்கலாமா? வாங்கிப் போகிற குடும்பத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி பச்சரிசியும் ஒரு மஞ்சள் துண்டும் போட்டு மூட வைத்தார். தன் வீட்டுக்கென்று வாங்கிய குக்கரிலும் அப்படியே போட்டுக்கொண்டார். பெண்கள் அவற்றைப் பைக்குள் திணித்து, பஸ்ஸில் உருட்டிக் கவிழ்த்து வீடு கொண்டு சேர்த்தார்கள்.

தீபாவளிக் காலையில் கோச்சடை வீட்டில் அவர் மனைவி கனகலட்சுமி பருப்பு வைத்தார். விசில் வரவில்லை. திடீரென்று மூடியில் இருந்த பாதுகாப்பு வால்வு பிய்த்துக்கொண்டு போய், பருப்பு உத்தரம் வரைக்கும் அடித்தது. நல்லவேளை, அந்த அம்மா வாசலில் நின்றிருந்தார். ஆறிய பிறகு ஜனகராஜ் மூடியைத் திருப்பிப் பார்த்தார். ஆவி போகிற துவாரத்தில் ஓர் அரிசி வெந்து உப்பி, நன்றாக அடைத்துக்கொண்டிருந்தது.

அடுத்த தெருவில் இருந்த என் வீட்டுக்கு அவர் ஓடிவந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. "எல்லாம் புள்ளைக உள்ள வீடுய்யா" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். குக்கர் வாங்கிய பெண்கள் வீடுகளுக்கு நான் சைக்கிளில் போனேன். வெடித்துவிடுமோ என்று பயந்து எல்லாரும் குக்கரைப் பரணில் ஏற்றி வைத்திருந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. பயப்படாதவள் ஒருத்திதான், வாடிப்பட்டி அன்னக்கொடி. புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களை வளர்த்தவள், எதையும் துணிந்து பார்ப்பவள். அவளிடம்தான் ஜனகராஜ் லாரி ஏறிப் போனார். வழியெல்லாம் "இன்னும் வேகமாப் போங்கண்ணே" என்று டிரைவரைக் கும்பிட்டுக்கொண்டே போனாராம்.

மற்றது அன்னக்கொடி எனக்குச் சொன்னது. அவர் நுழைந்தபோது விறகடுப்பில் குக்கர் ஏறியிருந்தது. இரண்டு பெண்களும் விசில் கேட்க ஆசைப்பட்டு அடுப்பை ஒட்டிக் குந்தியிருந்தார்கள்.

"வாங்கண்ணே! கறி போட்டிருக்கேன். எம்புட்டு விறகு தள்ளியும் கத்த மாட்டேங்குது" என்று இன்னொரு கட்டையை உள்ளே தள்ளினாள்.

ஜனகராஜ் பாய்ந்தார். இரண்டு பிள்ளைகளையும் கையைப் பிடித்து இழுத்துத் தெருவில் விட்டார். அன்னக்கொடி ஒன்றும் புரியாமல் அடுப்படியிலேயே நின்றாள். அவர் திரும்ப உள்ளே வந்தார். எரிகிற கட்டைகளை வெறுங்கையால் உருவி எறிந்துவிட்டு அவளை வெளியே தள்ளினார். வாசலைத் தாண்டியிருப்பார்கள், டமார் என்றது. சின்னவள் குந்தியிருந்த இடத்துச் சுவரில் கொதிக்கிற குழம்பு வழிந்தது.

ஜனகராஜ் தெருவிலேயே உட்கார்ந்து அழுதார். "நான்தான் அரிசியப் போடச் சொன்னேன். நாலு அடி அடிச்சிரு அன்னக்கொடி" என்றார். அவளுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. பிள்ளைகளை இறுக்கிப் பிடித்தவள் வெகுநேரம் விடவே இல்லை.

பிறகு எழுந்து போய் இட்லி மாவைக் கொண்டுவந்து அவருடைய வெந்த கைகளில் அப்பினாள்.

"இம்புட்டுப் பயந்த மனுசன், எதுக்குண்ணே திரும்ப உள்ள வந்தீக?"

"நீ உள்ள நின்னியேம்மா" என்றார் ஜனகராஜ். அப்போதும் அவருக்குப் பல் தந்தியடித்துக்கொண்டுதான் இருந்ததாம்.