கூட்டுக்குள் உதிரும் கிளை

எதைத் திறப்பதற்கு முன்னும் றிஸானா அதை ஒருதரம் தட்டுவாள். ஆய்வுகூட மேசையில் தேய்ந்த ரப்பர் செருப்பொன்றின் அடித்துண்டு கிடக்கும். கண்ணாடிக் குப்பியை அதன்மேல் மெல்லத் தட்டினால் உள்ளே திரியும் பழ ஈக்கள் எல்லாம் அடியில் போய் விழும். அவை சுதாரித்துக்கொண்டு மேலேறி வருவதற்குள் பஞ்சடைப்பைக் கழற்றி, புதுத் தீன் ஊற்றிய குப்பியை வாயோடு வாய் வைத்துக் கவிழ்த்துவிட வேண்டும். தட்டித் தட்டிக் கைக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. வீட்டில் சீனிப் போத்தலையும் தட்டித்தான் திறப்பாள்.

“சீனி பறந்து போயிடுமோ மகள்?” என்று உம்மா ஸாலிஹா கேட்டுச் சிரிப்பார்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஆய்வுகூட உதவியாளர் வேலை. ஊரான தண்ணீரூற்றில் விடிய முதல் பஸ் ஏறிப் பரந்தனில் மாற வேண்டும். நோன்பு மாதத்தில் யன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்தபடியே உறங்கிவிடுவாள். கம்பித் தடம் நெற்றியில் மத்தியானம்வரை இருக்கும்.

அங்கே பல வகை ஈக்கள் இருந்தன. ஆனால் விரிவுரையாளர் கௌசலாவின் உயிர் ஒரேயொரு வம்சத்தில்தான் இருந்தது. கடல் கடந்து தபாலில் வந்தது அது.

“புழுவுக்கு ஊர்ந்து திரியிறதுக்கு ஒரு நரம்பு வேணும், ஈக்குப் பறக்கிறதுக்கு இன்னொரு மாதிரி வேணும்,” என்று கௌசலா ஒருநாள் விளங்கப்படுத்தினாள். “அதால கூட்டுக்குள்ள கிடக்கிற நாளில நரம்பு தன்ர பழைய கிளையளைத் தானே கழிச்சுப்போட்டுப் புதுசா வளர்க்குது. கழிக்கச் சொல்லுற மரபணு ஒண்டு இந்த வம்சத்தில பழுது. புழுவா இருந்த காலத்துக் கிளை, ஈயா வந்த பிறகும் அப்பிடியே கிடக்குது.”

“அதால அதுக்கு என்ன குறை மிஸ்? பறக்குது, தின்னுது, முட்டை போடுதுதானே?”

“அதைத்தானே நானும் தேடுறன். மற்ற ஈயள் செத்தா ஒரு வாழைக்குலையைத் தூக்கினாக் காணும், தானா வந்திடும். இது போனா என்ர ஆராய்ச்சியும் போச்சு றிஸானா.”

நோன்பின் நடுவில் வளாகத்து ட்ரான்ஸ்ஃபோமர் எரிந்துபோனது. திருத்த ஒரு கிழமை செல்லுமாம். பங்குனி வெயிலில் ஈக்களை வைக்கும் குளிர்ப்பெட்டி அடுப்பாகிவிடும். அன்றைக்குக் காய்ச்சிய தீனையே குப்பிகளில் நிரப்பி, ஈக்களை ஆளுக்கொரு பங்காகக் கொண்டுபோனார்கள். சாதாரண ஈக்கள் வினோஜா என்ற மாணவியின் வாடகை அறைக்குப் போயின. கௌசலாவின் வம்சம் றிஸானாவின் பையில் ஏறியது. அவளுடைய வீட்டில் கிணற்றடிப் பக்கத்து அறை எப்போதும் குளிர்ந்து கிடக்கும். வளர்ந்த ஈக்களை அந்தப் புதுத் தீனுக்கு மாற்றினாள். சுவரெல்லாம் கூடுகள் ஒட்டியிருந்த பழைய குப்பியையும் எறிய மனமில்லாமல் கூடவே எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் மண்சட்டித் தண்ணீரில் குப்பிகளை நிறுத்தி ஈரத்துணி சுற்றினாள்.

“உம்மா, இந்த அறைக்குள்ள மட்டும் நுளம்புத்திரி கொளுத்திப்போடாதீங்கோ. புகை பட்டா எல்லாம் செத்திடும்.”

“ஓம் மகள். எனக்கு விளங்காதா?”

ஸாலிஹாவுக்கு விளங்கியது. ஆனால் தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை விரட்டியபோது தண்ணீரூற்றை விட்டு வெளிக்கிட்டவர், இருபது வருஷம் புத்தளத்தில் உப்பளத்துக்குப் பக்கத்தில் ஓலைக்கொட்டிலில் இருந்தவர். றிஸானா பிறந்ததும் அங்கேதான். பொழுதுபட்டால் நுளம்பு பெருவாரியாக வரும். படுத்திருக்கும் பிள்ளைகளின் கால்மாட்டில் ஒவ்வொரு திரியாகக் கொளுத்தி வைப்பது அந்தக் காலத்து வேலை. ஊருக்குத் திரும்பி வந்து எத்தனையோ வருஷமாகியும், நித்திரையால் எழும்பினால் இடதுபக்கம் போய்ச் சுவரில் முட்டிக்கொள்வார். புத்தளத்தில் கதவு அந்தப் பக்கம்.

மறுநாள் நோன்பு திறந்து கஞ்சி குடித்த றிஸானா, கோப்பையைக் கழுவவும் ஏலாமல் அந்த அறைப் பாயில் சரிந்துவிட்டாள். இரவு இஷா பாங்கு கேட்டுக் கண் விழித்தபோது மூக்கில் காரமாக ஒரு மணம். கால்மாட்டில் திரி சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. சட்டியில் இருந்த குப்பியைத் தூக்கித் தட்டினாள். தட்டத் தேவையே இருக்கவில்லை. எல்லாம் தீன்மேல் மல்லாந்து கிடந்தன.

வாசலில் ஸாலிஹா நெருப்புப்பெட்டியோடு நின்றார். “நான் கொளுத்தினது எனக்கே தெரியாது மகள். நீங்க படுத்திருந்தீங்க... கை தானாப் போயிட்டுது.”

“உங்கட கை இன்னும் புத்தளத்திலயா இருக்குது?” என்று றிஸானா கத்தினாள். “கூட்டிக்கொண்டு வர மறந்துட்டீங்களா?”

உம்மா திரியை மண்ணில் குத்தி அணைத்தார்.

தொலைபேசியில் விஷயம் அறிந்த கௌசலா, “கூடு இருக்குதா? பழைய குப்பியில?” என்று கேட்டாள்.

“கிடக்குது மிஸ்.”

“அதை அசைக்காதீங்கோ. கூட்டுக்குள்ள இருக்கிறது தப்பினாலும் தப்பும்.”

பிறகு வந்த நாட்களில் றிஸானா பஸ்ஸிலும் உறங்கவில்லை. ஸாலிஹா அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை; வாசலில் நின்று, துணி காய்ந்திருக்கிறதா என்று மட்டும் எட்டிப் பார்ப்பார். ஒரு காலை, “மகள், ஒண்டு வந்திட்டுது போல,” என்று அங்கிருந்தே சொன்னார். கூட்டின் முனையைப் பிளந்துகொண்டு, செட்டை விரியாமல் வெளிறிப்போய் ஓர் ஈ சுவரில் நின்றது. பின்னேரத்துக்குள் இன்னும் சில வந்தன.

கரண்ட் வந்தபின் கௌசலா அவற்றில் ஒன்றை அறுத்துச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தாள். பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு றிஸானாவைக் கூப்பிட்டாள். இருட்டில் மெல்லிய பச்சைக் கிளைகள் தெரிந்தன. உதிர்ந்திருக்க வேண்டியவை, உதிராமல் இருந்தன. வம்சம் பிழைத்துவிட்டது. றிஸானாவுக்குச் சந்தோஷப்படவும் தெம்பில்லை. கதிரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

ஸாலிஹா அதற்குப் பிறகு வீட்டில் எங்குமே நுளம்புத்திரி கொளுத்தவில்லை. நுளம்பு கடித்து முழங்கை முழுக்கத் தடித்திருக்கும்.

“உங்கட அறையில கொளுத்துங்கோ உம்மா, அங்க என்ன கிடக்குது சாக?”

“வேண்டாம் மகள். இந்தக் கையை நம்ப ஏலாது.”

மாரி தொடங்கும்போது வினோஜாவின் படிப்பு முடிந்தது. போகும் நாளன்று பஸ் தரிப்பிடத்தில் றிஸானாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, மிஸ்ஸிட்ட சொல்லிப்போடாதீங்கோ, பயத்தில இவ்வளவு நாளும் சொல்லேல்ல,” என்று தொடங்கினாள். ட்ரான்ஸ்ஃபோமர் எரிந்த அன்று, பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க ஊற்றும் மருந்தை எல்லாரும் பங்கிட்டுக்கொண்ட தீனுக்குள் றிஸானா ஏற்கெனவே ஊற்றியது தெரியாமல் அவளும் ஒருதரம் ஊற்றியிருக்கிறாள். அவள் கொண்டுபோன ஈக்கள் எல்லாம் மறுநாள் பொழுதுபடச் செத்துக் கிடந்தனவாம். வினோஜாவின் அறையில் யாரும் நுளம்புத்திரி கொளுத்தியிருக்கவில்லை.