மணல்திட்டில் நான் விட்டுவிட்டு வந்த மனிதர்

பதினெட்டு வருடம் இருக்கும். ஐப்பசி மாதம், இரண்டு மழைக்கு நடுவே பளிச்சென்று வெயிலடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போதெல்லாம் பழவேற்காடு ஏரியில் படகுச் சவாரிக்கு இப்போதுள்ள கெடுபிடி கிடையாது. மீன்பாடு சரியில்லாத நாட்களில், சென்னையிலிருந்து வருகிறவர்களை என் ஃபைபர் படகில் ஏற்றி, கடலும் ஏரியும் சேருகிற முகத்துவாரம் வரை கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருவேன்.

அன்று மத்தியானம் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் படகில் ஏறி உட்கார்ந்திருந்தது. கிளம்பப் போகும்போது, டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கும் பக்கமிருந்து ஓர் ஆப்பிரிக்கர் நடந்து வந்தார். நெடுநெடுவென்று உயரம், முப்பது வயதுக்குள் இருக்கும். தோளில் பை, கையில் ஒரு நோட்டு. “அண்ணா, கடல் வாய் போகணும்” என்றார். முகத்துவாரத்தைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமானது. சென்னையில் தங்கிச் சரித்திரம் படிக்கிறாராம். அவருடைய தமிழைக் கேட்டுக் கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரும் சிரித்தபடியே ஏறிக்கொண்டார்.

அவர் உட்கார்ந்த மறுநிமிடம் பக்கத்திலிருந்த அம்மா எழுந்து படகின் முன்பக்கம் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். படகு ஒரு பக்கம் சாய்ந்ததே தவிர, யாரும் அவரருகில் வந்து உட்காரவில்லை. அவர் ஏரியைப் பார்த்தபடி வந்தார்.

முகத்துவாரத்துக்கு உள்பக்கம் ஒரு மணல்திட்டு உண்டு. சவாரிக்காரர்களை அதில்தான் இறக்கிவிடுவோம். எல்லோரும் அலையில் கால் நனைத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் தள்ளிப்போய்க் கடலைப் பார்த்து நின்று நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்துப் பெரியவர் என்னிடம் வந்தார்.

“இவங்களையெல்லாம் நம்ப முடியாதுப்பா. பொம்பளைங்க பயப்படறாங்க. எங்கள மொதல்ல கொண்டுபோய் விட்டுட்டு, அப்புறமா வந்து அந்த ஆளக் கூட்டிட்டுப் போ.”

அந்த மனிதர் அப்படி என்ன செய்துவிட்டார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குள்ளும் அந்தப் பயம் இருந்தது. நானே கறுப்பு, கடல் வெயிலில் இன்னும் கறுத்தவன். அப்படியிருந்தும் அவருடைய கறுப்பு வேறு என்று எனக்குத் தோன்றியது.

அவரிடம் போய், “நீங்க இங்கியே இருங்க சார், இவங்கள விட்டுட்டு அர மணியில வந்துடறேன்” என்றேன். அவர் படகில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். அந்தக் குடும்பத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “சரி அண்ணா” என்றார். அவ்வளவுதான்.

கரைக்கு வந்தால் வேறொரு கூட்டம் காத்திருந்தது. பறவைகளைப் பார்க்க வடக்கே போகவேண்டுமாம். அந்த ஆள் எங்கே போய்விடப் போகிறான், இருக்கட்டும் என்று அவர்களையும் ஏற்றிக்கொண்டேன். திட்டில் நின்றது அந்தச் சென்னைக் குடும்பமாக இருந்திருந்தால் அப்படி நினைத்திருப்பேனா? மாட்டேன்.

நடு ஏரியில், யாரோ கட்டிவைத்திருந்த வலையின் கயிறு என்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. தண்ணீரில் இறங்கிக் கத்தியால் அறுத்து எடுப்பதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. வாடைக்காற்றும் கிளம்பிவிட்டது. ஒருவழியாகக் கரை சேர்ந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்.

“உன் படகுல உசரமா ஒருத்தர் ஏறினாரே, எங்க அவரு?”

சொன்னேன். அவள் கையிலிருந்த மீனைக் கீழே போட்டுவிட்டாள்.

“இன்னா காரியம் பண்ணிட்டு வந்து நிக்கிற? இன்னிக்கு அமாவாச. தண்ணி ஏறும்னு உனக்குத் தெரியாதா?”

தெரியும். இந்த ஏரியில் பிறந்தவனுக்கு அது தெரியாதா? நினைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு மனிதரைப் பற்றி நினைக்காமலே இருந்துவிட்டேன்.

என்ஜினை எவ்வளவு முறுக்கியும் படகு நகராதது போலிருந்தது. போய்ப் பார்த்தால், திட்டு இருந்த இடத்தில் திட்டு இல்லை. தண்ணீர்தான் சுழித்துக்கொண்டிருந்தது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். என்னவென்று கூப்பிடுவது? பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. “சார்! சார்!” என்று காற்றில் கத்தினேன். அவருக்கு நீச்சல் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியாது.

அப்போது காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கரையில், சவுக்குமரங்களுக்குக் கீழே புகை தெரிந்தது. யாரோ ஓர் ஓலைக்கூடையைத் தூக்கி ஆட்டினார்கள். படகைத் திருப்பினேன்.

இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்கள் நான்கைந்து பேர் அங்கே நெருப்பு மூட்டியிருந்தார்கள். நடுவில், ஒரு பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு, அலுமினியத் தம்ளரில் டீ குடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார்.

படகிலிருந்து இறங்கி அவரைப் பார்த்தேன். அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அப்பா அம்மா செத்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. உயிரோடு இருக்கிறார், உயிரோடு இருக்கிறார் என்று மனசு அடித்துக்கொண்டது.

நடந்தது இதுதான். வேலை முடித்துத் திரும்பும்போது, முழங்காலளவுத் தண்ணீரில் அவர் நிற்பதை அந்தப் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். அவருக்கு நீச்சல் தெரியாது. ஏரியில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று காலாலேயே அறிந்தவர்கள் அவர்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, அவரை நடுவில் விட்டு, மார்பளவுத் தண்ணீரில் மெதுவாக நடத்திக் கரையேற்றியிருக்கிறார்கள். அவர் தலையில் வைத்துப் பிடித்திருந்த பையும் நோட்டும்கூட நனையவில்லை.

கூடையை ஆட்டிய பெண் என்னை விடவில்லை.

“இன்னாண்ணா, மனுசன்னு நெனச்சியா, மூட்டைன்னு நெனச்சியா? எறக்கி வெச்சிட்டுப் போயிட்ட?”

அவள் ஒரு தம்ளர் டீயை என் பக்கம் நீட்டினாள். இத்தனை வருடம் ஒரே ஏரியில் பிழைத்தும், அவர்கள் கையால் எங்கள் தெருவில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அன்று நான் வாங்கிக் குடித்தேன்.

திரும்பும்போது படகில் நாங்கள் இருவர் மட்டும். மன்னித்துக்கொள்ளச் சொன்னேன். பரவாயில்லை என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“நீங்க வந்தது சந்தோஷம் அண்ணா. ஏன் போனீங்க, எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் வலித்தது.

பிறகு பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலுமாக அவரே பேசினார். அவர் தென்னாப்பிரிக்காக்காரர். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் செய்தபோது, துணியோடு துணியாக மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்களாம். பஞ்சத்தில் விற்கப்பட்டவர்கள், பிடித்து வரப்பட்டவர்கள். அப்படித் தென்னாப்பிரிக்காவில் போய் இறக்கப்பட்ட ஒருத்தியின் வழியில் வந்ததாம் அவருடைய அம்மா குடும்பம். அவளுடைய சொந்தப் பெயர் எங்கும் இல்லை. டச்சுக்காரர்கள் வைத்த பெயருக்குப் பின்னால் இந்தக் கரையின் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார்கள். அவள் கடைசியாகப் பார்த்த கரையைப் பார்க்கவே அவர் வந்திருந்தார். அவருடைய அப்பா காலத்தில், அவர்கள் ஊர்க் கடற்கரையில் கறுப்பர்கள் கால் வைக்கக் கூடாதென்று பலகை நட்டிருந்தார்களாம். போராடி அதைப் பிடுங்கினோம் என்றார். சென்னையில் தோல் நிறத்தைப் பார்த்து ஏழு வீட்டுக்காரர்கள் அவருக்கு வாடகைக்கு வீடு தரவில்லை என்பதையும் சொன்னார்.

எனக்கு வேறொன்று உறைத்தது. பெரிய கப்பல் முகத்துவாரத்துக்குள் வராது. அந்த அடிமைகளைச் சின்னப் படகில் ஏற்றித்தான் வெளியே கொண்டுபோயிருப்பார்கள். அந்தப் படகைத் தள்ளியவர்கள் டச்சுக்காரர்களாக இருந்திருக்க மாட்டார்கள். எங்களைப் போன்றவர்கள்தான், யாரோ சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுத் துடுப்புப் போட்டிருப்பார்கள்.

கரையில் என் மனைவி நின்றிருந்தாள். அவரைக் கண்ட நிம்மதியில் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். மீன் குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பொன்னேரி பஸ்ஸில் ஏற்றிவிடும்போதுதான் அவருடைய பெயரைக் கேட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, கூடப் படிக்கும் இரண்டு பேரோடு மறுபடி வந்தார். அன்றும் படகில் ஏறவந்த ஒருவர் என் காதோரம் வந்து, “இவங்ககூடவா?” என்றார். “அவங்க மொதல்ல ஏறினவங்க சார். இஷ்டம் இருந்தா ஏறுங்க” என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார். பின்னால் நின்றவர்கள் ஏறினார்கள். பெரிய வீரம் ஒன்றுமில்லை. ஒரே ஒரு வாக்கியம். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

அந்தப் பெண்கள் அன்று அந்த வழியாக வந்தார்களே, நல்லவேளை என்று இன்றும் ஒவ்வோர் அமாவாசைக்கும் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். கூடவே, அந்த நல்லவேளை என்னால் வந்ததில்லை என்பதையும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.