நல்ல நேரத்தில் வெட்டிய பூவரசு

போன ஆவணியில் நான் திருகோணமலைக்குப் போனது கடல் குளிக்க அல்ல. கனடாவிலிருந்து வந்து நிற்கும் என் சித்தியின் மகன் ரமணன் அண்ணா குச்சவெளிப் பக்கம் கடற்கரையோடு ஒரு காணி வாங்கியிருக்கிறார். அதில் சாப்பாட்டுக்கடை போடப்போகிறாராம். நான் வவுனியாவில் கட்டடப் படம் வரைகிறவள். சொந்தக்காரருக்கு வேலை செய்யாதே என்று இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்வார்கள். நானும் அதைத்தான் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

"எல்லாம் இயற்கையோட ஒத்து இருக்கவேணும்" என்று தொலைபேசியில் அவர் சொன்னபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். அந்தக் காணியில் கடற்பக்கமாக இரண்டு பெரிய பூவரசு நின்றன. அவற்றின் கீழ் மேசைகள், றோட்டுப் பக்கம் சமைக்கக் குசினி, மணலைக் கிளறாமல் மரக்கால்களில் நிற்கும் தரை, மேலே தென்னோலைக் கிடுகு. மார்கழியில் கடல் ஏறினால் கீழால் வந்து போகட்டும் என்று படம் வரைந்து அனுப்பினேன். பதிலுக்குப் பெருவிரலை உயர்த்தி ஒரு படம் வந்தது. பார்த்துத்தான் அனுப்புகிறார் என்று நினைத்துவிட்டேன்.

வவுனியாவில் காலை ஐந்தே முக்காலுக்கு பஸ். நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ஹொரவப்பொத்தானையில் தேத்தண்ணீருக்கு நிற்பாட்டுவார்கள், வடை வாங்காதீர்கள். ஒன்பது மணிக்குத் திருகோணமலையில் இறங்கினால் குச்சவெளி பஸ் அப்போதுதான் போயிருந்தது. பஸ்ஸில் போனால் இருநூறு ரூபாய்க்குள் முடியும். எனக்கு ஓட்டோவுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு போனது.

ஓட்டோக்காரர் றபீக் நானா கிண்ணியா ஆள். நான் என்ன வேலையாக வந்தேன் என்று தெரிந்ததும் வழி முழுக்க ஆலோசனைதான்.

"வாசல்ல சிமெந்தில பெரிய மீன் ஒண்டு வைங்க மிஸ். வாயத் துறந்த மாதிரி. அதுக்குள்ளால ஆக்கள் வரணும்."

"மரம் நிக்குது நானா. அது போதும்."

"மரம் எல்லா இடத்திலயும் நிக்குதே."

நிலாவெளி தாண்டும்போது கடலைப் பார்த்துக் கண்ணாடிச் சுவர் வைத்த சில கடைகள் கண்ணில் பட்டன. உள்ளே வெயில் அடிக்கிறதென்று எல்லாவற்றுக்கும் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தார்கள். கடலைக் காட்டக் காசு கொட்டிக் கட்டிவிட்டு, பிறகு கடலையே மூடிவைத்திருக்கிறார்கள். எனக்கு அப்போதே எரிச்சல் தொடங்கிவிட்டது.

காணியில் இறங்கிப் பார்த்தேன். ஒரு பூவரசு இல்லை. அது நின்ற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டை. மற்றதில் வெட்டுவதற்கு அடையாளமாகச் சிவப்புப் பெயின்றால் ஒரு புள்ளடி. மணலைப் பிடித்து வைத்திருந்த அடம்பன் கொடியையும் பாதி வழித்து ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். ரமணன் அண்ணா கைலியோடு சிரித்துக்கொண்டு வந்தார்.

"வா, வா. விடிய நல்ல நேரம் எண்டு வேலையத் தொடங்கியாச்சு. அடுத்த நல்ல நேரம் பின்னேரம்தான். மற்றதையும் அப்ப வெட்டுவம்."

"ஏன் அண்ணா வெட்டினீங்கள்?"

"குசினி அக்கினி மூலையில வரவேணுமாம். யாழ்ப்பாணத்தில வாஸ்து பாக்கிற ஐயா சொன்னவர். அந்த மூலையில மரம் நிண்டா நான் என்ன செய்யிறது?"

அக்கினி மூலை என்றால் தென்கிழக்கு. கிழக்குக் கரையில் தென்கிழக்கு எங்கே வரும்? கடலோரத்தில். கடலைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம், காணியிலேயே ஆகச் சிறந்த இடம். அங்கே குசினியை வைத்தால் சாப்பிட வருகிறவன் கடலுக்குப் பதிலாகக் குசினிச் சுவரைப் பார்ப்பான். பின்னேரம் கடற்காற்று எழும்பினால் மீன் பொரிக்கிற புகை முழுக்க மேசைக்குத்தான் வரும். இதையெல்லாம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

"புகைக்கு ஃபேன் பூட்டலாம்" என்றார் அண்ணா.

"நான் அனுப்பின படத்தைப் பார்த்தனீங்களே?"

"பார்த்தனான், வடிவா இருந்தது."

பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவோம் என்றுதான் நினைத்தேன். நான் போனால் பின்னேரம் மற்ற மரமும் விழும் என்பதால் நின்றேன்.

மத்தியானம் சோத்துப் பார்சல் வந்தது. அண்ணா தன்பாட்டில் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய், புள்ளடி போட்ட பூவரசின் கீழ் போட்டு உட்கார்ந்தார். அந்தக் காணியில் வேறு நிழல் இல்லை. நான் பக்கத்தில் இருந்த அடிக்கட்டையில் இருந்தேன். எனக்கு நல்ல வெயில். பாரைமீன் குழம்பும் சோறும் முடிய அவர் காலை நீட்டிச் சாய்ந்தார்.

"இந்த இடம் நல்ல குளிர்மை, என்ன? கடலும் நேர தெரியுது."

"ஓம். இதுதான் உங்கட குசினி" என்றேன்.

அண்ணா மேலே கொப்புகளைப் பார்த்தார். பிறகு நான் இருந்த அடிக்கட்டையைப் பார்த்தார். கைபேசியை எடுத்து, எனக்கும் கேட்கிற மாதிரி யாழ்ப்பாணத்து ஐயாவோடு கதைத்தார்.

"ஐயா, அக்கினி மூலையில குசினி வைக்க ஏலாட்டி என்ன செய்யிறது?"

"வாயு மூலையில வையும் தம்பி. அதுவும் நல்லம். வடமேற்கு."

வடமேற்கு என்றால் றோட்டுப் பக்கம். நான் படத்தில் போட்ட அதே இடம்.

"அப்ப ஏன் ஐயா முதலே சொல்லேல்லை? அங்க நிண்ட பூவரசு ஒண்டை வெட்டிப்போட்டன்."

"நீர் கேக்கேல்லையே! மரம் நிக்குது எண்டும் சொல்லேல்லை. நிண்ட மரத்த ஏன் தம்பி வெட்டினீர்?"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒரு கேள்வி, ஒரு நிமிடக் கதை. அந்த மரம் இவ்வளவு பெரிதாக எத்தனை மார்கழிக் கடலைத் தாண்டி நின்றிருக்கும்! பின்னேரம் வெட்ட வந்தவர்களை அண்ணா தேத்தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். நான் ஐந்து மணி பஸ்ஸில் திருகோணமலைக்கு வந்து தங்கினேன்.

இனி, கடற்கரையில் கடை போட நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. நாலு பக்கமும் கடல் உள்ள நாட்டில் கடலை நீங்கள் புதிதாகக் காட்டத் தேவையில்லை, மறைக்காமல் விட்டால் போதும். காணியை சீசனில் மட்டும் பார்க்காமல் மார்கழியிலும் ஒருக்கால் போய்ப் பாருங்கள், கடல் எதுவரை வருகிறது என்று தெரியும். அடம்பன் கொடியை வழிக்காதீர்கள், வழித்தால் மணல் போய்விடும். வாஸ்து பார்ப்பதென்றால் தாராளமாகப் பாருங்கள், ஆனால் காணியில் என்ன நிற்கிறதென்று அந்த ஐயாவுக்கு வாய் திறந்து சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முதல், வெட்ட நினைக்கும் மரத்தின் கீழ் இருந்து ஒரு நேரம் சோறு தின்னுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கிய கையோடு அண்ணாவிடமிருந்து ஒரு படம் வந்தது. நான் வெயிலில் இருந்த அந்த அடிக்கட்டைக்குப் பக்கத்தில் கையளவு பருமனில் பூவரசங்கொப்பு ஒன்றைப் போத்தாக நட்டிருக்கிறார். மாடு கடிக்காமல் சுற்றிவர முள்ளுக் கட்டியிருக்கிறது. படத்தின் கீழே ஒரேயொரு வரி:

"நல்ல நேரம் பாக்கேல்லை."