வராத நாளுக்குக் கறுப்பு வட்டம்

அந்த வேன் ஷார்ஜாவுக்கு வந்து இறங்கியபோதே இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. ஜப்பானிலிருந்து வரும் பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் கடையில் சித்தப்பா வேலை பார்த்தார். ஸ்பிரிங் உட்கார்ந்துபோன வண்டியை எதற்கு அனுப்பினார்கள் என்று அவர் அலுத்துக்கொள்ள, சரக்கோடு வந்திருந்த ஜப்பான்காரர் சிரித்தாராம். அது சுமோ மல்லர்களை ஏற்றிப்போன வண்டி.

முழங்கால் போய் ஆட்டத்தை விட்ட ஒரு மல்லர், மாமனாரின் அரிசிக் கடைக்குப் பின்னால் இரண்டு சீடர்களோடு தொடங்கிய கூடம் அவர்களுடையது. அங்கேயே பயின்று, அங்கேயே தூங்கி, தரவரிசைப்படி சாப்பிடுவார்கள். கடைசி ஆள் உட்காரும்போது சட்டியில் வெறும் சாறுதான் மிஞ்சியிருக்கும். பிறகு சீடர் ஒருவர் நடத்தினார். அறுபத்தைந்து வயதானதும் விதிப்படி அவர் விலக வேண்டியிருந்தது. ஏற்று நடத்த ஆளில்லை. மிச்சமிருந்த ஆறு மல்லர்களும் வேறொரு கூடத்துக்குப் போனார்கள், வேன் எங்களிடம் வந்தது. கூடத்தின் பெயரைச் சித்தப்பா மூன்று விதமாகச் சொன்னதால் நான் எழுதி வைக்கவில்லை.

வண்டிக்குள் கிடந்த தரவரிசைத் தாளை அவர் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். உச்சியில் கட்டைவிரல் தடிமனில் பெயர்கள். கீழே வர வர மெலிந்து, கடைசி வரி தலைமுடி மாதிரி. அந்த வரியில் இருப்பவர்களைப் பூதக்கண்ணாடி என்றே கேலி செய்வார்களாம். போட்டி ஒரு ஞாயிறு தொடங்கி, பதினைந்தாம் நாளான ஞாயிறு முடியும். வென்றால் வெள்ளை வட்டம், தோற்றால் கறுப்பு. வராவிட்டாலும் கறுப்புதான்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஷார்ஜாவிலேயே முவைலாவில் எங்கள் ஃபிளாட்டில் நான்கு பேர். மே மாதப் போட்டி நடந்த அதே பதினைந்து நாளும் எங்களுக்கும் ஒரு போட்டி வைத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தால் வெற்றி. அம்மாவுக்கும், கடையை மதியம் அடைத்துவிட்டு வரும் சித்தப்பாவுக்கும் பதினைந்துக்குப் பதினைந்து. அப்பா அபுதாபிப் பக்கம் ஒரு தீவில் கிரேன் ஆபரேட்டர். வியாழன் இரவு வந்து வெள்ளி சாயங்காலம் போய்விடுவார். அவருக்கு ஆறாம் நாளும் பதின்மூன்றாம் நாளும் மட்டும் வெள்ளை. அம்மாவை உச்சியில் வைத்துப் புதிய வரிசையை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

அடுத்த வெள்ளி அப்பா பார்த்தார்.

“நான் எங்க ஆயி இருக்கேன்?” ஆயி என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

அடியில் காட்டினேன். பென்சிலை இரண்டு முறை சீவி எழுதிய பெயர்.

“எறும்பு ஊர்ந்த மாதிரில்ல இருக்கு.”

“அண்ணே, நீ ரெண்டு, நான் பதினஞ்சு. இனிமே எனக்கு அப்பறந்தான் ஒனக்குச் சோறு,” என்றார் சித்தப்பா.

அம்மா தாளைக் கிழிக்க வந்தாள். அப்பா தடுத்தார். வேலைக்குப் போனதால் வராத நாளும் தோல்விதானா என்று என்னிடம் கேட்டார்.

“அடிபட்டு ஆஸ்பத்திரில கெடந்தாலும் தோல்விதான்ப்பா.”

“சரி. ரூல்னா ரூல்தான்.”

அன்று அவர் கடைசியாகத்தான் உட்கார்ந்தார். அம்மா ஒளித்து வைத்திருந்த மீன் துண்டை அவர் தட்டில் வைத்தபோது, இது செல்லாது என்று நான் சொன்னதும் நினைவிருக்கிறது.

ஜூலைப் போட்டிக்கு முந்தைய நாள், சனிக்கிழமை, அப்பா வந்து நின்றார். பெட்டியோடு கம்பளி, ரைஸ் குக்கர், சைட்டில் போடும் ஷூ எல்லாம் வந்திருந்தன. லீவா என்றேன்.

“லீவுதான் ஆயி.”

ஞாயிறு வெள்ளை. திங்கள் வெள்ளை. எனக்கும் பள்ளி விடுமுறை. சித்தப்பா ஏனோ கிண்டலை விட்டுவிட்டார். சாப்பிட்டதும் அப்பாவும் அவரும் யார் யாருக்கோ போன் போட்டுப் பேசினார்கள். பன்னிரண்டாம் நாள், வியாழன், அப்பா துபாயில் கம்பெனி ஆபீசுக்குப் போனார். இரண்டரை மணியாகியும் காணோம். சோற்றை எடுத்து வைக்க விடாமல் காவல் இருந்தேன். மூன்று மணிக்கு வேர்க்க விறுவிறுக்க வந்தவர், விசா கேன்சல் பேப்பரில் கையெழுத்துப் போட்டாச்சு என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

“என் ஆட்டம் போயிடுச்சா?”

இல்லை, சட்டியில் சோறு இருக்கிறது என்றேன். அன்றைக்கும் வெள்ளை.

பதினைந்தாம் நாள் புதிய தாளில், கறுப்பு மார்க்கரால், உச்சியில் அப்பாவை எழுதினேன். அடிவரியிலிருந்து வந்து ஒரு நாள்கூடத் தவறாதவர் என்பதால் அம்மாவுக்கு மேலே வைத்தேன். அவர் ஃபிரிட்ஜின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“இந்தத் தடவ எல்லாத்தையும் ஜெயிச்சிட்டேன் போலருக்கு.”

அம்மா சட்டென்று எழுந்து சமையலறைக்குள் போய் முதுகைக் காட்டி நின்றாள். செப்டம்பர்ப் போட்டி தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஊரில் இருந்தோம். ஃபிரிட்ஜை அதற்கு முன்பே விற்றாகிவிட்டது. ஆனால் அம்மா முதுகைக் காட்டி நின்ற அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம், முதலிடம் பறிபோன வருத்தம் அம்மாவுக்கு என்பதுதான். மார்க்கரை எடுத்து அவள் பெயரையும் அப்பா அளவுக்குத் தடிமனாக்கினேன்.