செத்த காலேஜுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

ஒரு புதன்கிழமை சாயங்காலம், அரிசி களைந்துகொண்டே அம்மா கேட்டாள். "ஞாயித்துக்கெயம செத்த காலேஜுக்குப் போலாமா?"

எழும்பூரில் இருக்கும் பெரிய அருங்காட்சியகத்துக்கு எங்கள் பக்கத்து ஜனங்கள் வைத்த பெயர் அது. பாடம் செய்த மிருகங்களும் எலும்புக்கூடுகளும் இருப்பதால் அது செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். இரண்டுக்குமே அம்மா போனதில்லை. போக வேண்டும் என்று சொன்னதுமில்லை. கோயில், கல்யாணம், சாவு இந்த மூன்றைத் தவிர வேறெதற்கும் அவள் ஆவடியை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

எண்பதுகளின் கடைசி அது. நாங்கள் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் டைப்பிஸ்ட். அந்த வருடத்தில் மட்டும் இரண்டு குடும்பங்கள் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தன. இரண்டாவது குடும்பம் என்னை நடக்கச் சொல்லிப் பார்த்தது. அவர்கள் போனதும், இனிமேல் யார் முன்னாலும் தட்டோடு வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் அம்மா செத்த காலேஜ் என்றதும் எனக்குச் சட்டென்று புரிந்துபோனது. வீட்டுக்கு வரவழைத்தால் நான் நிற்க மாட்டேன். வெளியே எங்காவது கூட்டிக்கொண்டு போய், எதேச்சையாகச் சந்திப்பது போல ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து நிறுத்தப் போகிறார்கள்.

மறுநாள் காலையில் கேட்டேன். "அங்க யாரு வர்றாங்க?"

"யாரு வருவாங்க? நீயும் நானும் உங்க நைனாவும்."

"நான் எந்தப் புடவை கட்டணும்?"

"எதியாவது கட்டு."

சந்தேகம் இன்னும் கூடியது. முன்பு இரண்டு முறையும் எனக்குப் புடவை எடுத்து வைத்தவள் அவள்தான். இப்போது எதையாவது கட்டு என்கிறாள் என்றால், நான் சந்தேகப்படுவேன் என்று தெரிந்தே சொல்கிறாள்.

"எலும்பு, புலி எல்லாம் வாணாம்" என்றாள் அவளே. "படம் மாட்டி வெச்சிருக்கிற கட்டடம் தனியா கீது. செவப்புக் கல்லு. அத்தப் பாத்தா போதும்."

"செவப்புக் கல்லுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா குழாயைத் திறந்து குடத்தை வைத்தாள். தண்ணீர் நிரம்பும் வரை என் பக்கம் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது ஊக்கு தேடி அவளுடைய சுருக்குப்பையைத் திறந்தேன். உள்ளே மடித்த காகிதம் ஒன்று இருந்தது. கடைச் சீட்டு என்று நினைத்து அதை விட்டுவிட்டேன். அதற்குக் கீழே ஒரு ரயில் டிக்கெட். அட்டை டிக்கெட், ஆவடியிலிருந்து மெட்ராஸுக்கு, போன வெள்ளிக்கிழமைத் தேதி. ஆஸ்பத்திரிக்குக்கூடப் பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போகிற அம்மா, மெட்ராஸுக்குத் தனியாகப் போயிருக்கிறாள்.

பக்கத்து வீட்டு அக்கா திருநெல்வேலிக்காரர். அவரிடம் போய்க் கேட்டேன், போன வெள்ளிக்கிழமை அம்மா எங்கேயாவது போனார்களா என்று.

"ஆமா, வெள்ளனே கெளம்பிப் போனாவ. மத்தியானமே வந்துட்டாவ. கேட்டதுக்குக் கொரட்டூர்ல ஏதோ சாவுன்னு சொன்னாவ. உனக்குத் தெரியாதா?"

கொரட்டூரில் எங்களுக்கு யாரும் சாகவில்லை. மாப்பிள்ளை வீட்டைப் பேசி முடித்து, பார்க்க வேண்டிய இடத்தையும் நேரத்தையும் குறித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். நைனாவும் இதில் கூட்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பூந்தமல்லிப் பக்கம் பிறர் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பத்திலிருந்து வந்து, தொழிற்சாலையில் சேர்ந்து, இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு வரை உயர்ந்தவர். செய்து முடித்த பாகங்களை அளந்து பார்த்து, தலைமுடி அளவு பிசகினாலும் சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டு ஒதுக்குவது அவர் வேலை. வீட்டிலும் அந்தக் கண் மாறாது. கடையில் வாங்கிய தேங்காயைக்கூட ஆட்டிப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, மறுபடி ஆட்டிப் பார்ப்பார்.

சனிக்கிழமை சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரு அவன்?" என்றார்.

"எவன்?"

"படம் பாக்கணும்னு உங்கம்மாவுக்கு இன்னா வந்துது? நீதான் அவள கெளப்பி உட்டுகினு கீற. நாளைக்கு அங்க எவனோ ஒருத்தன் வந்து நிக்கப் போறான். அவன எங்கிட்ட காட்டணும்னா ஊட்டுக்கே இட்டா. எதுக்கு எயும்பூர் வரைக்கும்?"

எனக்குக் கோபம் வந்தது. "நைனா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள அங்க வரச் சொன்னதே நீங்கதானே?"

"நானா?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் நடிக்கிறார் என்று நான் நினைத்தேன். நான் நடிக்கிறேன் என்று அவர் நினைத்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்து அவர்தான் கேட்டார், "அப்போ அவ இன்னாத்துக்குப் போறா?"

டிக்கெட்டைப் பற்றிச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவர் அம்மாவை உட்கார வைத்து, எத்தனை மணிக்குப் போனாய், எத்தனை மணிக்கு வந்தாய் என்று அளக்க ஆரம்பித்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் ரயில் ஏறினோம். அம்மா புளிச்சோறு கட்டி எடுத்து வந்திருந்தாள். எங்களுக்கு எதிரே நீலச் சட்டை போட்ட ஒருவன் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு வந்தான். பார்க் ஸ்டேஷனில் நாங்கள் மாறியபோது அவனும் மாறினான். எழும்பூரில் இறங்கியபோது அவனும் இறங்கினான். அருங்காட்சியகத்து வாசலிலும் எங்களுக்கு நான்கு பேர் முன்னால் நின்றான். இவன்தான் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். நைனா அவனைக் கண்ணெடுக்காமல் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவரும் இவன்தான் என்று நினைத்தார். அவன் யாரையும் பார்க்காமல் எலும்புக்கூடுகள் இருந்த பக்கம் போய்விட்டான்.

அம்மா எங்களுக்கு முன்னால் நடந்தாள். எந்தக் கட்டடம், எந்த வாசல் என்று யாரையும் கேட்கவில்லை. படிக்கட்டில் மட்டும் ஒரு நிமிடம் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போனதும், தங்கச் சட்டம் போட்ட ராஜாக்கள், குதிரைகள், மலைகள் எதையும் பார்க்காமல் ஒவ்வொரு சுவராக வேகமாகத் தேடிக்கொண்டு போனாள். இரண்டாவது அறையில் ஒரு படத்துக்கு முன்னால் நின்றாள்.

செங்கல் குவியல் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலையில் சும்மாடு. காலெல்லாம் செம்மண். மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அம்மா சுருக்குப்பையிலிருந்து அந்த மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். பொட்டுக்கடலை மடித்து வந்த ஏதோ பழைய வாரப் பத்திரிகைத் தாள். அதில் அதே பெண்ணின் முகம், கழுத்து வரைக்கும் மட்டும், கறுப்பு வெள்ளையில். எழும்பூரில் இந்தப் படம் மாட்டப்பட்டிருப்பதாகக் கீழே இரண்டு வரி இருந்தது.

"இது நாந்தான்" என்றாள்.

நைனா படத்தின் கிட்டே போனார். படத்துப் பெண்ணின் இடது காது மடல் நடுவில் பிளந்திருந்தது. அம்மாவின் காதும் அப்படித்தான். சின்ன வயதில் கனமான தோடு இழுத்து அறுந்தது. அவர் படத்தைப் பார்த்தார், அம்மாவின் காதைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"நீதான்" என்றார். பிறகு விரலை நீட்டி, "இது யாரு கொயந்த?" என்றார்.

அப்போதுதான் அம்மா கீழே பார்த்தாள். அவள் முகத்தில் அதுவரை இருந்த சந்தோஷம் அப்படியே நின்றுபோனது.

"கொயந்த இல்ல" என்றாள். "துண்டு வெச்சிருந்தாங்க."

மெல்ல மெல்லச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் வேப்பேரிப் பக்கம் ஒரு கட்டட வேலையில் சித்தாளாக இருந்திருக்கிறாள். பக்கத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுக்கும் காலேஜ். அங்கே படித்தவர்கள் வந்து மேஸ்திரியிடம் பேசி, இவளை ஐந்து நாள் உட்கார வைத்து வரைந்தார்கள். செங்கல் சுமக்காமலே அன்றைய கூலி. கை சும்மா தொங்கக் கூடாது என்று ஒரு துண்டைச் சுருட்டி மடியில் கொடுத்தார்கள். தாத்தாவுக்குத் தெரிந்தால் அடிப்பார் என்று வீட்டில் சொல்லவில்லை. அப்புறம் யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் தனியாக வந்தபோது, வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை; கட்டடத்தைக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

"அப்போ இந்தப் புள்ள எங்கேந்து வந்துது?"

"எனக்கின்னா தெரியும்?"

நைனா என்னைக் கூப்பிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்கச் சொன்னார். ஓவியர் பெயர், 'கூலிப் பெண்' என்ற தலைப்பு, வருடம். வருடத்தைக் கேட்டதும் அவர் உதடு அசைந்தது. அவர்கள் கல்யாணத்துக்கு முந்தின வருடம்.

நானும் எண்ணினேன். எண்ணாமல் இருந்திருக்கலாம். என் பிறந்த தேதி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் குத்துமதிப்பாகப் போட்டுக்கொடுத்தது. எனக்கு முன்னால் ஒரு குழந்தை இருந்ததா, அல்லது அந்தக் குழந்தையே நான்தானா என்று அந்த அறையில் நின்றுகொண்டு யோசித்தேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் யோசித்தேன்.

அவர்கள் பக்கத்தில் நிற்க முடியாமல் எதிர்ச் சுவர்ப் பக்கம் போனேன். அங்கே ஒரு கிழவி பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கிற படம். அவள் மடியில் ஒரு குழந்தை. இடது கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, மூடிய கை, இடுப்பில் வெள்ளி அரைஞாண்கயிறு. நான் திரும்பி அம்மாவின் படத்தைப் பார்த்தேன். அதே பொட்டு, அதே கை, அதே கயிறு. சீட்டைப் படித்தேன். அதே ஓவியர்.

"நைனா, இங்க வாங்க."

வந்தார். பார்த்தார். அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் மூன்று முறை நடந்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி எங்களைச் சந்தேகமாகப் பார்த்து எழுந்து நின்றார்.

"ரெண்டும் ஒரே அச்சு" என்றார் நைனா கடைசியில். "எங்கியோ ஒரு கொயந்தய வரைஞ்சி வெச்சிகினு, எல்லார் மடியிலயும் எறக்கி உட்டுகினு கீறான்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மாவுக்கு இல்லை. அவள் தன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அஞ்சு நாளு ஒக்காந்தேன். ஒரு வார்த்த எங்கிட்ட கேக்கல பாரு" என்றாள்.

மரத்தடியில் புளிச்சோறு சாப்பிட்டோம். யாரும் வேறெந்தக் கட்டடத்துக்கும் போக வேண்டும் என்று சொல்லவில்லை. ரயிலில் வில்லிவாக்கம் தாண்டியதும் நைனா திடீரென்று கேட்டார், "துண்டு இன்னா கலரு?"

"பச்ச" என்றாள் அம்மா, ஜன்னலைப் பார்த்தபடியே.

அவள் யோசிக்காமல் சொன்னது அவருக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். பிறகு, "எத்தினி பேரு சேர்ந்து வரைஞ்சாங்க?" என்றார்.

"ஏயெட்டுப் பேரு."

"அப்போ மத்த படமெல்லாம் எங்க கீது?"

"அவங்க அவங்க ஊட்ல இருக்கும். யாரு கண்டா?"

முன்பின் தெரியாத ஆறேழு வீடுகளில் தன் மனைவி மாட்டப்பட்டிருப்பதை அவர் அம்பத்தூர் வரும் வரை யோசித்துக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு பல வருடங்கள், யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பார். என்னைப் பெண் பார்க்க அடுத்து வந்த குடும்பம் எங்கள் குவார்ட்டர்ஸுக்கேதான் வந்தது. நான் தட்டில்லாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

செத்த காலேஜிலிருந்து அன்று வீட்டுக்கு வந்ததும் நைனா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். சமையலறையில் அம்மா சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"நீயும் எண்ணிப் பாத்த இல்ல?" என்றாள்.

"எத?"

"வருசத்த."

"இல்லம்மா."

அம்மா பாத்திரத்தை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொள்ளும் வரை என் முகத்தையே பார்த்தாள்.

"சரி" என்றாள். அவள் நம்பவில்லை.